கணக்கில் வராத துண்டு

"சுமாருக்குக் கட்டம் எங்கம்மா கீது?" என்று பவுனம்மாள் கேட்டபோது சுகிர்தாவுக்கு முதலில் வந்தது எரிச்சல்தான். பேசக் கூடாது என்று ஆரம்பத்திலேயே மைக்கில் சொல்லியாயிற்று. பக்கத்தில் இருப்பவர் தட்டைப் பார்க்கக் கூடாது, உச்சுக் கொட்டக் கூடாது, கறியைத் தின்று, டேப்ளட்டில் மென்மைக்கும் ருசிக்கும் மார்க் போடுகிற கோடுகளில் விரலை இழுத்து, கடைசியில் ஒரு கட்டத்தைத் தட்டி, தண்ணீர் கலந்த ஆப்பிள் ஜூஸை ஒரு வாய் குடித்துவிட்டு அடுத்த துண்டுக்குக் காத்திருக்க வேண்டும், இதில் என்ன கஷ்டம். ஆனால் பெரம்பூரில் பாத்திரக்கடை மாடியில் ஒரு கூடத்தை வாடகைக்கு எடுத்து, சுற்றுவட்டாரத்து ஜனங்களை வரிசையாக உட்கார வைத்து, ஆளுக்கொரு துண்டு உப்பில்லாத மாட்டுக்கறியைக் கொடுத்துவிட்டுப் பேசாதே என்றால் எவர்தான் பேசாமல் இருப்பார். முதல் துண்டு வாய்க்குள் போனதுமே ஆரம்பித்துவிட்டது. உப்பே இல்ல என்று ஒரு மூலையிலிருந்து, மொளகாத்தூளாச்சும் தூவியிருக்கலாம் என்று இன்னொரு மூலையிலிருந்து, ஆஸ்பத்திரிச் சாப்பாடு கணக்கா கீது என்று நடுவிலிருந்து. ஒருத்தர் சட்டைப்பையிலிருந்து ஊறுகாய் பாக்கெட்டையே எடுத்துவிட்டார், அதை வாங்கி வைப்பதற்குள் சுகிர்தாவுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. இதற்கு நடுவே இந்த அம்மாள் கையைத் தூக்கிக்கொண்டு, சுமாருக்குக் கட்டம் எங்கே என்கிறாள். குனிந்து மெல்லக் கேட்டாள், என்னம்மா சொல்றீங்க என்று. "துண்டு சுமாரா கீதும்மா. நாறல, வேகாம இல்ல, மோசம்னு வாய் கூசாம சொல்ல முடியாது. அதுக்காக இத எப்பிடி தெனமும் துன்றது? சுமார்னு ஒரு கட்டம் வெச்சிருக்கலாம் இல்ல?" உங்களுக்கு எது சரின்னு படுதோ அதைத் தட்டுங்கம்மா என்று விதிமுறைப்படி சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு சுகிர்தா நிமிர்ந்தாள். பவுனம்மாள் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு முதல் கட்டத்தை, திருப்தியில்லை என்கிற கட்டத்தை, தட்டினாள். சுகிர்தா திரும்பி நடந்தாள். கூடத்தின் பாதி தூரம் போவதற்குள் கால் நின்றுவிட்டது.

சுமாருக்குக் கட்டம் இல்லை. இருக்கிறதே, இரண்டாவது கட்டம் அதுதானே, அதுதான் சுமாருக்கான கட்டம், இதைக்கூடப் புரிந்துகொள்ளாமல், என்று மனசு சொல்லிக்கொண்டே போய், சொல்லிக்கொண்டே போய், அந்தக் கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதில் வந்து முட்டிக்கொண்டது. தினமும் சாப்பிடலாம். அவள் எழுதியதுதான். இங்கிலீஷில் அது 'குட் எவ்ரிடே' என்று இருந்தது. தள்ளவும் வேண்டாம், தூக்கிவைத்துக் கொண்டாடவும் வேண்டாம், ஏதோ ஒரு புதன்கிழமை சாப்பிட்டுவிட்டு எழுந்து போகலாம் என்கிற தரம். மொத்தம் நாலு கட்டம். கீழே திருப்தியில்லை, அதற்கு மேலே இது, அதற்கு மேலே தினசரியைவிட மேல், உச்சியில் விசேஷத்துக்கு ஏற்றது. போலந்து, அயர்லாந்து, ஜப்பான் என்று பல நாட்டு விஞ்ஞானிகள் கூடி வருஷக்கணக்காகச் செய்துவரும் வேலை இது. ஒரு மாட்டை அறுத்துத் தொங்கவிட்டதும் அதன் வயசையும் கறிக்குள் ஓடுகிற கொழுப்பையும் பார்த்து, இந்தத் தொடைக்கறியை இப்படிச் சுட்டால் சாப்பிடுகிறவர் வாய்க்கு எப்படி இருக்கும் என்று அடுப்பில் வைப்பதற்கு முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். அதற்கு ஒரு கணக்கு. அந்தக் கணக்கு சரியா என்று ஒவ்வொரு ஊர் ஜனங்களையும் தின்னச் சொல்லிப் பார்க்க வேண்டும். எல்லா ஊருக்கும் ஒரே விதி, அதனால்தான் உப்புக்கூடக் கிடையாது. ஊருக்கு ஊர் மாறுவது கேள்வியின் மொழி மட்டும். தமிழுக்கு யார் என்று கேட்டபோது கைதூக்கியவள் சுகிர்தாதான், இறைச்சி அறிவியலில் டாக்டர் பட்டம் வாங்கியவள், தமிழும் நன்றாக எழுதுவாள், வேறு யார். குழுவில் யாரோ 'அன்றாட நுகர்வுத் தரம்' என்று ஒரு வார்த்தையைக் கொண்டுவந்து வைத்தார்கள், இதை எந்த வீட்டில் பேசறாங்க என்று சிரித்துத் தூக்கிப்போட்டாள். ஜனங்க பேசற மாதிரி இருக்கணும் என்றாள். ஜனங்கள் பேசுகிற மாதிரிதான் இருந்தது. அங்கேதான் வந்தது வினை.

ஜனங்கள் எப்போது அப்படிப் பேசுவார்கள், அதை யோசித்தாளா? அவள் வீட்டிலேயே பேசியிருக்கிறார்களே. அயனாவரத்தில் ஒண்டுக்குடித்தனம், ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா கறுப்புக் கவருக்குள் வைத்து, கவரை மஞ்சப்பைக்குள் வைத்து, பைக்கு மேலே ஒரு கீரைக்கட்டையும் வைத்துக் கொண்டுவருவார். அம்மா முதலில் ஜன்னலைச் சாத்துவாள். பிறகுதான் கவரைப் பிரிப்பாள். மாடியில் வீட்டுக்காரர். பட்டையும் லவங்கமும் தூக்கலாகப் போட்டு மட்டன் வாசனைக்குக் கொண்டுவந்துவிடுவாள், எந்த மூக்காலும் கண்டுபிடிக்க முடியாது, ஆனாலும் மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டால் வீட்டில் எல்லார் வாயும் மெல்லுவதை நிறுத்திவிடும். திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் நேத்து என்ன சமையல் என்று கேட்டால் மட்டன். அத்தனை வருஷமும் மட்டன். அந்தப் பொய் நாக்கில் எப்படி ஊறிப்போனதென்றால், வேலைக்குச் சேர்ந்த புதிதில் கேன்டீனில் ஒருத்தி கேட்டபோதுகூட, மாட்டுக்கறியைப் பற்றி ஆராய்ச்சி செய்யவென்றே சம்பளம் வாங்குகிறவள், மட்டன் என்றாள். அப்படிச் சாத்தின ஜன்னலுக்குள்ளே, வியர்க்க விறுவிறுக்க உட்கார்ந்து, அப்பா ஒரு எலும்பை உறிஞ்சி வைத்துவிட்டு அம்மாவிடம் சொல்வார். "இப்பிடி வெச்சா தெனமும் சாப்பிடலாம்டி." அதற்கு மேல் ஒரு பாராட்டு அந்த வீட்டில் கிடையாது. அம்மா அதைக் கேட்கத்தான் அவர் பக்கத்திலேயே கரண்டியோடு நிற்பாள். தெனமும் சாப்பிட்டா வீட்டுக்காரன் தெனமும் எட்டிப் பாப்பான் என்று வாய்க்கு வாய் பேசினாலும் முகம் மலர்ந்துபோகும். சரியில்லாத அன்றைக்கு அப்பா எதுவும் சொல்லாமல் கை கழுவிவிடுவார். இத்தனையும் தெரிந்தவள், அந்தச் சோற்றைத் தின்று வளர்ந்தவள், கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்ததும் எல்லாவற்றையும் மறந்துவிட்டு, நாலு கட்டத்தில் கீழேயிருந்து இரண்டாவதாகக் கொண்டுபோய் அந்த வார்த்தையை வைத்தாள் பாருங்கள்.

சரி, உச்சிக் கட்டமாவது ஒழுங்கா? விசேஷத்துக்கு ஏற்றது. விசேஷத்துக்கு யார் மாட்டுக்கறி போடுகிறார்கள்? அவள் கல்யாணத்திலேயே மட்டன் பிரியாணிதான். மாட்டுக்கறி போட்டிருந்தால், எங்கள என்னன்னு நெனச்சே என்று பாதிப் பந்தி எழுந்து போயிருக்கும், அந்தப் பாதிப் பேர் வீட்டிலும் ஞாயிற்றுக்கிழமை அதுதான் கொதிக்கிறது என்றாலும். அப்படியானால் நல்ல கறியைத் தின்றவர் என்ன செய்வார். கோட்டில் விரலைக் கடைசிவரைக்கும் இழுப்பார், மென்மை, ருசி, பிடித்தது எல்லாவற்றுக்கும் முழு மார்க். பிறகு கட்டத்துக்கு வருவார். விசேஷமா, இல்லை. தினமும் சாப்பிடலாமா, ஆகா, சாப்பிடலாமே. தட்டிவிடுவார். மனசாரத் தட்டுவார். எல்லாரும் தட்டுவார்கள். தட்டினார்கள். அய்யோ, அதுதான், அதேதான், போன மூன்று கூட்டத்திலும் அதுதான் நடந்தது. கோடு கிழக்கே போகிறது, கட்டம் மேற்கே போகிறது என்று எல்லாரும் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். போலந்திலிருந்து ஈவா, இந்தக் கணக்கையெல்லாம் போடுகிறவள், வீடியோவில் அந்தப் படத்தைக் காட்டி, மிக நல்ல கறிக்கெல்லாம் வரிசையாக ஒரே கட்டம், இது பலர் தின்று போட்ட மார்க் மாதிரி இல்லை, ஒரே ஆள் உட்கார்ந்து தட்டின மாதிரி இருக்கிறது என்றாள். குரலை உயர்த்தவில்லை. யார் கூட்டத்தை நடத்தினது என்று மட்டும் கேட்டாள். சுகிர்தா பெயரைச் சொன்னாள். தஸ்தகீர்.

அவர்தான் இந்தக் கூட்டங்களுக்கான களப்பணியாளர். ஐம்பது தாண்டினவர், முன்னே கண் சிகிச்சை முகாம்களுக்கு ஆள் திரட்டிக்கொண்டிருந்தவர், எந்தத் தெருவில் யார் வருவார்கள், யாரை எந்த நேரத்தில் கூப்பிட வேண்டும் என்பதெல்லாம் அத்துப்படி. இந்த ஆராய்ச்சிக்குத் தன் தெரு முழுக்கக் கூட்டிவந்தார், சொந்தபந்தத்தையெல்லாம் கூட்டிவந்தார். அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, உட்காரக்கூடச் சொல்லாமல், சொன்னாளா, இல்லை, சொல்லவில்லை, நாற்காலியில் அவளுடைய கைப்பை இருந்தது, அதை அவள் எடுக்கவில்லை, தஸ்தகீர், நீங்க யாருக்காவது கட்டத்தைத் தட்டிக் குடுத்தீங்களா என்று கேட்டாள். "ஆமா மேடம். வயசானவங்க சில பேருக்கு அந்த டேப்ளட்டு வரல. அவங்க வாயால சொன்னாங்க, நான் தட்டுனேன்." எவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். மறைக்கிறவன் அப்படியா சொல்வான்? ஆனால் அவள் காதில் அந்த ஆமா மட்டும்தான் விழுந்தது. அப்பாடா, ஆள் கிடைத்துவிட்டான் என்றிருந்தது. அதுதான் உண்மை, அப்பாடா என்றுதான் இருந்தது. அன்று சாயங்காலமே எல்லா நாட்டுக்கும் மெயில் போனது. களப்பணியாளர் ஒப்புக்கொண்டார் என்று எழுதினாள். ஒப்புக்கொண்டார். என்னத்தை ஒப்புக்கொண்டார்? டேப்ளட்டு வராத வயசானவர்களுக்கு உதவினதை. அதை எழுதவில்லை. ஒப்புக்கொண்டார் என்று புள்ளி வைத்துவிட்டாள். இனி வர வேண்டாம் என்றபோது அவர், நான் தப்பு எதுவும் பண்ணல மேடம் என்று சொல்லிவிட்டுக் கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றப் போனார், கயிறு சிக்கிக்கொண்டது, தலையைக் குனிந்து கழற்றி மேஜைமேல் வைத்தார். அவர் இல்லாமல் கூட்டம் நடத்தினால் கட்டமும் கோடும் ஒத்துப்போகிறதா என்று கண்ணால் பார்க்கத்தான் ஈவா இத்தனை தூரம் விமானம் ஏறி வந்திருக்கிறாள். அதோ கம்ப்யூட்டருக்கு முன்னால் மூக்குக்கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இன்றைக்குத் தஸ்தகீர் தெருவிலிருந்து ஓர் ஆள்கூட வரவில்லை.

கல்லில் இரண்டாவது துண்டு போட்ட சத்தம் கேட்டது. சுர்ரென்று கொழுப்பு உருகுகிற வாசனை, அம்மா ஜன்னலைச் சாத்தச் சொல்வாளே அந்த வாசனை, இங்கே ஏசிக் கூடத்தில் யாருக்கும் பயப்படாமல் பரவியது. இருந்தாலும் சுகிர்தாவின் கண் ஒரு தடவை வாசல் கதவுப் பக்கம் போய்விட்டு வந்தது, பழக்கதோஷம். வேகிறதற்குக் கொஞ்ச நேரம், வெந்த பிறகு ஆறவைக்கக் கொஞ்ச நேரம், அவ்வளவுதான் அவகாசம். முதல் துண்டு கணக்கில் வராது. வாயைப் பழக்குவதற்காக எல்லாருக்கும் ஒரே மாதிரி கொடுக்கிற சுமாரான துண்டு அது, அதன் மார்க்கை யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். இரண்டாவதிலிருந்துதான் நிஜம். அப்படியென்றால். அவள் அந்த அப்படியென்றாலைத் தள்ளிவிடப் பார்த்தாள், அது போகவில்லை. அப்படியென்றால் இப்போது மைக்கை எடுத்து ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். ரெண்டாவது கட்டம்னா சுமார்னு அர்த்தம், நாலாவது கட்டம்னா ரொம்பப் பிரமாதம்னு அர்த்தம். முடிந்தது. இனி வருகிற துண்டுகளுக்கெல்லாம் கோடும் கட்டமும் கைகோத்துக்கொண்டு போகும். ஈவாவுக்குத் தமிழ் தெரியாது. ஜூஸ் குடியுங்கள் என்று சொன்னதாக நினைத்துக்கொள்வாள். சாயங்காலம் படத்தைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டுவாள், ஆள் மாறியதும் எல்லாம் சரியாகிவிட்டது என்பாள். தமிழ்நாட்டு மையம் பிழைக்கும். சுகிர்தா பிழைப்பாள். அந்த மனுஷன் திருடன் என்பதும் சந்தேகத்துக்கு இடமில்லாமல் ருசுவாகிவிடும்.

சே, அப்படியெல்லாம் செய்ய மாட்டேன் என்று நினைத்தாள். நினைத்த வேகத்திலேயே, ஏன் செய்யக் கூடாது, இதில் பொய் எங்கே இருக்கிறது, கேள்வியை விளக்கமாகச் சொல்வது தப்பா, என்று இன்னொரு மனசு கேட்டது. சொல்லாவிட்டால் மட்டும் என்ன, தஸ்தகீர் இல்லாத கூட்டத்திலும் அதே கோணல் வந்தால் அவர்மேல் தப்பில்லை என்று தானாகவே தெரிந்துவிடும், அவள் வாயைத் திறக்கவே வேண்டாம். ஆனால் ஈவா அப்போது என்ன சொல்வாள். இந்த ஊர்க்காரர்களுக்கு நல்ல கறி எது கெட்ட கறி எது என்று சொல்லத் தெரியவில்லை, இவர்கள் நாக்கைக் கணக்குக்குள் கொண்டுவர முடியாது, விட்டுவிடலாம் என்பாள். அல்லது கேள்வியைக் காட்டு என்பாள். யாரோ ஒரு தமிழ் தெரிந்த மாணவனைக் கூப்பிட்டு இது என்ன வார்த்தை என்று கேட்பாள். தாய்மொழியில் நாலு கட்டம் நிரப்பத் தெரியாதவள். அதுதானே பேர் வரும். மாட்டுக்கறி தின்கிற வீட்டிலிருந்து வந்தவள் என்பதாலேயே உனக்கு இதெல்லாம் அத்துப்படி என்று சிரித்த முகத்தோடு குத்திக்காட்டினவர்கள் எத்தனை பேர், அவர்கள் முன்னாலெல்லாம் நிமிர்ந்து நடக்கத்தானே இவ்வளவும் படித்தாள், இப்போது அந்த அத்துப்படியான விஷயத்திலேயே சறுக்கி விழுந்தாள் என்றால். அதுகூடப் பரவாயில்லை. ஒப்புக்கொண்டார் என்று எழுதினாளே. அதை எப்படித் திருப்பி வாங்குவது. சொல்லாமலும் இருக்க முடியாது, சொல்லவும் முடியாது, வாயில் ஜவ்வுத்துண்டு மாட்டிக்கொண்ட மாதிரி, விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை. கல்லின் பக்கமிருந்து ஒருத்தர் கையை உயர்த்தி, எடுத்தாச்சு மேடம், ஆறுது என்று ஜாடை காட்டினார். தட்டுகளை அடுக்க ஆரம்பித்தார்கள்.

மைக் கையில் இருந்தது. எப்போது எடுத்தாள் என்று தெரியவில்லை. "எல்லாரும் கொஞ்சம் கவனிங்க," என்றாள். கூடம் திரும்பியது. ஊறுகாய்க்காரர் திரும்பினார், பவுனம்மாள் திரும்பினாள், ஈவாவும் கண்ணாடியை இறக்கி ஒரு புன்னகை செய்தாள். "அந்தக் கட்டம் இருக்கு இல்லையா, ரெண்டாவது கட்டம்," என்று ஸ்பீக்கரிலிருந்து ஒரு குரல் வந்தது, அவள் குரல்தான், தன்மையான குரல், மரியாதையான குரல், அன்றைக்கு அறையில் நீங்க யாருக்காவது தட்டிக் குடுத்தீங்களா என்று கேட்டதும் இதே குரல்தான். அவளுக்கே அருவருப்பாக இருந்தது. வாக்கியத்தின் மீதி தொண்டைவரைக்கும் வந்துவிட்டது, நாக்கு நுனிக்கு வந்துவிட்டது, ஜனங்கள் காத்திருந்தார்கள். "ஒண்ணுமில்ல," என்றாள். "ஜூஸ் குடிக்காதவங்க குடிச்சிடுங்க." யாரோ சிரித்தார்கள். மைக்கை வைத்துவிட்டு ஈவாவிடம் நடந்தாள். குனிந்து இங்கிலீஷில் சொன்னாள், மொழிபெயர்ப்பில் ஒரு சிக்கல் நேர்ந்திருக்கிறது என்று. நேர்ந்திருக்கிறது. மழை பெய்திருக்கிறது என்பதைப்போல. தினமும் சாப்பிடலாம் என்றால் இங்கே என்ன அர்த்தம், விசேஷம் என்றால் என்ன அர்த்தம், எல்லாவற்றையும் விளக்கினாள். ஈவா நாற்காலியைத் திருப்பிப்போட்டுக்கொண்டு கேட்டாள், இரண்டு தடவை திருப்பிச் சொல்லச் சொன்னாள், பிறகு முகமெல்லாம் விரிந்துபோய் சுகிர்தாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். அற்புதம் என்றாள். எதையும் மாற்றாதே, இன்றைக்கு இந்த வார்த்தையோடேயே நடக்கட்டும், அடுத்த கூட்டத்தில் வார்த்தையை மாற்றிச் செய்வோம், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்போம், மற்ற நாட்டுக் கேள்விகளையும் திரும்பப் பார்க்க வேண்டும், இதுவே ஒரு தனிக் கட்டுரை, நீதான் எழுத வேண்டும், உன் பெயர்தான் முதலில். யார் மொழிபெயர்த்தது என்று அவள் கேட்கவே இல்லை.

இவ்வளவுதானா என்று இருந்தது சுகிர்தாவுக்கு. இதற்கா இந்தப் பாடு. உடம்பு லேசாகிப்போய், வெட்கம்கெட்ட ஒரு சந்தோஷம் வந்து, கட்டுரையின் தலைப்புக்கூட மனசில் ஓட ஆரம்பித்துவிட்டது, அதைப் பிடித்து நிறுத்துவதற்குள் பாதித் தலைப்பு ஓடிவிட்டது. இரண்டாவது தட்டு வரிசை வரிசையாகப் போனது. பவுனம்மாள் ஒரு துண்டை வாயில் போட்டுக் கண்ணை மூடினாள், மெதுவாக மென்றாள், விரலைக் கோட்டின் கடைசிக்கு இழுத்துவிட்டு, கொஞ்சமும் யோசிக்காமல் இரண்டாவது கட்டத்தை அழுத்தமாகத் தட்டினாள். ஈவாவின் திரையில் அது விழுந்தது, ஈவா கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். அந்த ஆள், என்று சுகிர்தா ஆரம்பித்தாள். எந்த ஆள் என்றாள் ஈவா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். கூட்டம் நடத்தினவர், நான் மெயிலில் எழுதினேனே. ஓ, அவரா, என்று ஈவா ஒரு நொடி யோசித்தாள். பாவம். அவருக்கு ஒரு வரி எழுதிப்போட்டுவிடு. சொல்லிவிட்டு மறுபடி திரைக்குள் போய்விட்டாள். சுகிர்தா கதவைத் தள்ளிக்கொண்டு மாடிப்படிக்கு வந்தாள். கீழே பாத்திரக்கடையில் யாரோ ஒரு அண்டாவைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வரி எழுதிப்போட்டுவிடலாம்தான். போனை எடுத்து எழுதவும் ஆரம்பித்தாள், மொழிபெயர்ப்புச் சிக்கல் காரணமாக என்று மூன்று வார்த்தை தட்டினாள், பார்த்தாள், அழித்துவிட்டு அவர் எண்ணை அழுத்தினாள்.

முதல் மணியிலேயே எடுத்துவிட்டார். "சொல்லுங்க மேடம். ஆள் பத்தலையா? எத்தனை பேர் வேணும்?"

"இல்லைங்க தஸ்தகீர். ஆள் இருக்காங்க. அந்தக் கட்டம் விஷயம். வார்த்தையில ஒரு குழப்பம் இருந்திருக்கு. உங்க மேல எந்தத் தப்பும் இல்லை."

"அன்னிக்கே சொன்னேனே மேடம்," என்றார். கோபமில்லை, அதுதான் தாங்கவில்லை. பிறகு, "ஒரு நிமிஷம் இருங்க. எங்க வீட்டம்மா இருக்காங்க, அவங்ககிட்டச் சொல்லிடுங்க. நான் சொன்னா எடுபடல. படிச்ச அம்மா சும்மாவா சொல்லுவாங்கன்னு கேக்குறாங்க," என்றார். வேண்டாம் என்று சொல்வதற்குள் போன் கை மாறிவிட்டது. ஜைத்தூன், இந்தா, பேசு என்று அவர் சொல்வது தூரத்தில் கேட்டது.

"யாருங்க?" என்றது ஒரு பெண்குரல்.

"நான் சுகிர்தா பேசறேன். ஆராய்ச்சி மையத்துலேருந்து."

"அந்த டாக்டரம்மாவா?"

"ஆமாங்க. அது வந்து, மொழிபெயர்ப்புல ஒரு சிக்கல் நடந்துபோச்சு."

"எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க. இவரு மார்க்கை மாத்திப் போட்டாரா, இல்லையா?"

"மாத்தலைங்க. அவங்க சொன்னதைத்தான் போட்டிருக்கார்."

"அப்ப தப்புப் பண்ணது யாரு?"

உள்ளே யாரும் கேட்காத கேள்வி. சுகிர்தா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். "நான்தாங்க," என்றாள். "கட்டத்துல தப்பான வார்த்தை எழுதினது நான். அவர் என்ன சொன்னார்னு முழுசாக் கேக்காம, அதை அவர் தலையில கட்டினதும் நான்."

ஜைத்தூன் அழவில்லை, திட்டவும் இல்லை. குரல் நிதானமாக இருந்தது.

"பொண்ணு குடுத்த வீட்டுலேருந்தும் ரெண்டு பேரை இவரு உங்க கூட்டத்துக்குக் கூட்டினு வந்தாரு. விஷயம் அவங்க காது வரைக்கும் போயிருச்சு. எம்பொண்ணு போனை எடுத்தாலே அழுவுறா. இப்ப எங்கிட்டச் சொன்னீங்களே, இத எங்க சம்பந்தி வீட்டுல வந்து சொல்லுவீங்களா?"

"வரேங்க," என்றாள் சுகிர்தா. "கண்டிப்பா வரேன்."

"எப்ப?" என்றாள் ஜைத்தூன்.